வாசலில சமுத்திரம், வன்னியில தூண்டில்

இரும் தம்பி, இதில கொஞ்சம் இரும். என்ர கட்டிலுக்குக் கீழ நீர் தள்ளி வைச்ச அந்த நீளப் பையை நான் காணேல்லை. என்ர மகளும் காணேல்லை எண்டு நீர் நம்பிக்கொண்டிரும், நான் கெடுக்கேல்லை. நல்லூர்க் கொடி ஏறப்போகுது. நீர் முருகனைக் கும்பிட யாழ்ப்பாணம் போறீர். கொட்டாஞ்சேனையில இருக்கிற உம்மட சிநேகிதர் ஓகஸ்ட் 15க்கு மடுமாதாவிட்டைப் போறார். ஸ்காபரோவில இருந்து வந்து நிக்கிறவர் காணி உறுதி பாக்கப் போறார். மூண்டு பேர், மூண்டு திசை, வான் மட்டும் ஒண்டு. முருகனும் மாதாவும் காணிக் கந்தோரும் வருசா வருசம் வவுனிக்குளக் கட்டிலதான் சந்திக்கினம் எண்டது எனக்கு எப்பவோ தெரியும்.

சொல்லக் கூடாது எண்டில்லை. ஆனா வெள்ளவத்தையில இருந்து மீன் பிடிக்க 300 கிலோமீற்றர் போற ஆக்களை நான் இப்பதான் பாக்கிறன். இந்தப் பல்கனியில நிண்டு சோப்பு நழுவினால் சமுத்திரத்துக்குப் பக்கத்தில விழும். பின்னேரத்தில நான் ரெயில் றோட்டுப் பக்கம் நடக்கப் போறனான். பாதைக்கு அங்கால கல்லில நாலு பெடியள் குந்திக்கொண்டிருப்பாங்கள். தங்கூசியைச் சோடாப் போத்தலில சுத்தி வைச்சிருப்பாங்கள், ஒருத்தனிட்டையும் தடி இல்லை. பதினெட்டுப் பொக்கற் வைச்ச சட்டை இல்லை. கறுப்புக் கண்ணாடி இல்லை. ரெயில் வாற நேரம் ஒருக்காத் தலையைத் திருப்புவாங்கள், அவ்வளவுதான். இருட்டுப்பட ஆளுக்கு ஒரு கறி மீனோட வீட்டை போவாங்கள். அவங்கள் பேசுறதும் குறைவு. நீங்கள் போட்டு வந்தால் தை மாதம் மட்டும் பேசுறியள்.

ஸ்காபரோக்காரர் போன வருசம் இந்த ஹோலில இருந்து சொன்ன கதை ஞாபகம் இருக்கோ? அவர் மெக்சிக்கோவுக்கும் போறவராம். சினலோவா எண்ட மாகாணம், மசத்லான் பட்டினத்துக்கு மேல காட்டுக்குள்ள எல் சால்ட்டோ எண்டு ஒரு ஏரி. எலோத்தா ஆத்தை மறிச்சுக் கட்டினது. அதில பாஸ் எண்டு ஒரு மீன், வாய் மட்டும் ஒரு வாளி அளவு. விமானத்தில போய் இறங்கி, காட்டுப் பாதையால வாகனத்தில போய், விடியமுதல் வள்ளத்தில ஏறினால், ரெண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி. மீன் எங்க நிக்குதெண்டு சொல்லுறது வழிகாட்டி. வள்ளம் ஓட்டுறது வழிகாட்டி. மீனைத் தூக்கிக் கையில தாறதும் அவர்தான். "நீர் என்ன செய்வீர்?" எண்டு கேட்டன். "சிரிப்பன் மாமா, படம் எடுப்பாங்கள்" எண்டார். பிறகு? "பிறகு திருப்பித் தண்ணிக்குள்ள விட்டிடுவம்." நான் ஒண்டும் சொல்லேல்லை, தேத்தண்ணி ஆறுது எண்டு மட்டும் சொன்னன்.

அந்தக் கதையில எனக்குப் பிடிச்ச துண்டு வேற. அந்தப் பாஸ் அந்த ஏரிக்குச் சொந்தமில்லை, மனுசர் கொண்டுபோய் விட்டது. அது கொழுக்கிறது என்னத்தைத் தின்னு எண்டு கேட்டால், திலாப்பியாவாம்! எங்கட திலாப்பியாதான், தம்பி. ஆபிரிக்காவில பிறந்து, 1952இல இலங்கைக்கு வந்து, குளங்குளமாப் பெருகின அதே சாதி. அங்கையும் அந்த ஊர்ச் சனம் வலை போட்டுத் திலாப்பியா பிடிச்சுத்தான் சீவிக்குதாம். வெளியில இருந்து வாறவை பாஸைப் பிடிச்சு விடுகினம், ஊர்க்காரர் திலாப்பியாவைப் பிடிச்சு விக்கினம். ஒரு தண்ணியில ரெண்டு தொழில். உலகம் முழுக்க இப்பிடித்தான் போல.

அவர் இன்னொரு கதையும் சொன்னவர். ஜோர்ஜ் பெரி எண்டு அமெரிக்காவில ஜோர்ஜியாப் பக்கத்து ஏழைக் கமக்காரப் பெடியன், 1932இல ஒரு பாஸ் பிடிச்சான். 22 இறாத்தல் 4 அவுன்ஸ். 2009இல யப்பானில பிவா ஏரியில ஒருத்தர் அதுக்குச் சமனாப் பிடிச்சாரே ஒழிய, இண்டைவரைக்கும் அதை விஞ்சின ஆளில்லை. பெரியும் கூட்டாளியும் போனது ரெண்டு பேருக்கு ஒரு தடி, ஒரு இரையோட. பிடிச்ச மீனை நிறுத்துப் பாத்தான். அதுக்குப் பிறகு என்ன செய்தான் தெரியுமோ? வீட்டை கொண்டுபோய்க் குடும்பத்தோட சாப்பிட்டான். உலக சாதனை முழுக்க வயித்துக்குள்ள! இதைச் சொல்லேக்குள்ள ஸ்காபரோக்காரற்றை முகம் செத்த வீடு மாதிரி. எனக்கு அந்தப் பெடியனில ஒரு மதிப்பு வந்தது.

உங்கட "பிடிச்சு விடுற" கொள்கையைப் பற்றியும் ஒரு சொல்லு. வேதம் மாதிரி ஓதுறியள். ஆனா நீங்கள் போறது நல்லூர்த் திருவிழாக் காலம். கொடி ஏறினால் இந்த வீட்டில மச்சம் இல்லை, குசினிக்குள்ள கருவாட்டு மணம் போனாலே என்ர மகள் சட்டி பானை எல்லாம் கழுவிக் கவிழ்ப்பாள். பிடிச்ச மீனை நீர் எங்க கொண்டுபோறது? உம்மட சீவகாருண்யம் எங்க பிறந்ததெண்டு எனக்குத் தெரியும், மருமேன். அது இந்தக் குசினிக்குள்ள பிறந்தது.

அதுசரி, போன வருசம் எல்லா மீனும் விடுபடேல்லையே. ரெஜிபோம் பெட்டியில ஐஸ் போட்டு ஆறு திலாப்பியாவும் ரெண்டு விராலும் கொட்டாஞ்சேனைக்குப் போனது. எனக்கெப்பிடித் தெரியும் எண்டு கேக்காதையும். நான் அண்டைக்கு ஜிந்துப்பிட்டி முருகனைக் கும்பிடத்தான் ஓட்டோ பிடிச்சுப் போனனான், மகளுக்கும் அப்பிடித்தான் சொல்லியிருக்கு. வழியில உம்மட சிநேகிதற்றை வீடு. கூப்பிட்டால் போகாமல் விடலாமோ?

பெட்டியைத் திறந்து காட்டினார். "மாமா, எல்லாம் தூண்டிலில பட்டது, ரெண்டு மணித்தியாலப் போராட்டம்!" நான் ஒரு திலாப்பியாவைத் தூக்கி வெளிச்சத்தில பாத்தன். வாயில முள்ளுக் குத்தின காயம் இல்லை. செவிளுக்குப் பின்னால, முதுகுச் செட்டை தொடங்கிற இடத்தில, நூல் இறுக்கின மாதிரி ஒரு கோடு, செதிள் ரெண்டு கழண்டிருக்கு. அடுத்ததைத் தூக்கினன், அதே இடத்தில அதே கோடு. ஆறையும் வரிசையா அடுக்கினால், அச்சில வார்த்த மாதிரி ஒரே அளவு. தம்பி, தூண்டில் மீனை அளந்து பிடிக்காது. சின்னதும் படும், பெரிசும் படும். அளந்து பிடிக்கிறது வலைக் கண். அதைவிடச் சின்னது நுழைஞ்சு போகும், பெரிசு மூஞ்சையை வைச்சிட்டுத் திரும்பும், தலை போய் உடம்பு போகாததுதான் மாட்டும். பொதுநீர்த்தேக்கத்தில 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைஞ்ச கண் போடக்கூடாதெண்டு விதியும் இருக்கு. விதிப்படி பிடிச்ச மீனை, விதிப்படி காசு குடுத்து, விடியக்காலமை ஆறு மணிக்குக் கட்டில வாங்கியிருக்கிறியள். நல்ல காரியம். பொய்யை ஏன் சேர்த்தியள்?

ஆனா விரால் ரெண்டும் உண்மை. வாயோரத்தில முள்ளுக் காயம் கிடந்தது. அதுதான் அண்டைக்கு நான் வாய் திறக்கேல்லை. மற்றது, வாய் நிறையச் சோறும் இருந்தது.

அந்தக் குளத்தைப் பற்றி நீர் எனக்குச் சொல்லித் தரவேண்டாம். அப்பு அதைக் கட்டினது எல்லாளன் எண்டுதான் சாகுமட்டும் சொன்னவர். ஹென்றி பார்க்கர் எண்ட நீர்ப்பாசன எஞ்சினியர், பழைய பாளி நூலில வாற பெலிவாபி இதுதான் எண்டு 1909இல வந்த தன்ர புத்தகத்தில எழுதி வைச்சிருக்கிறார். பிறகு காடு மூடிப்போய்க் கிடந்தது. 1950களில அரசாங்கம் பாலியாத்துத் தண்ணியைத் திரும்ப மறிச்சுக் கட்டைத் திருத்தேக்குள்ள, யாழ்ப்பாணத்தில பனங்காணியும் கடனும் மட்டும் வைச்சிருந்த எங்கட அப்பு மாதிரி ஆக்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தினம். அதே காலத்திலதான் திலாப்பியாவும் வன்னிக்கு வந்தது. எங்களுக்கு வயல் துண்டு தந்தாங்கள், அதுக்கு முழுக் குளத்தையும் குடுத்தாங்கள். மலேரியாக் காய்ச்சலில கிடந்து, யானைக்குப் பந்தம் பிடிச்சு, நாங்கள் நாலு பிள்ளை பெறேக்குள்ள அது நாலு கோடி பெத்துது.

1990இல கொழும்பில இருந்த அரசாங்கம், உயிர் கொல்லுறது சமயத்துக்குப் பொருந்தாதெண்டு உள்நாட்டு மீன்பிடிக்குக் குடுத்த ஆதரவை நிப்பாட்டினது. 1994இல திரும்பத் தொடங்கினது. அந்த நாலு வருசமும் எங்கட குளத்து மீனுக்கு அந்தச் செய்தி வந்து சேரேல்லை. A9ஆல அப்ப ஒண்டுமே வந்து சேராது.

இனிப் புத்தி சொல்லுறன், கேளும்.

முதல், றப்பர் தவளை. கண்ணாடிப் பெட்டிக்குள்ள பதினாலு நிறத்தில வைச்சிருக்கிறீர். எங்களுக்குத் தவளை சும்மா கிடைச்சது, நாக்கிளிப்புழுவும் சும்மாதான், தென்னைக்குக் கீழ கிண்டினால் வரும். எண்டாலும் உம்மட தவளையும் வேலை செய்யும், இல்லை எண்டு சொல்லமாட்டன். விடிய வெளிக்கிற நேரம், பாசி ஓரத்தில, விரால் மூச்சு வாங்க மேல வரும். அதுக்குத் தண்ணிக்குள்ள இருக்கிற காத்துக் காணாது. "ளொப்" எண்டு ஒரு சத்தம், அதுக்குப் பிறகு ஒரு வளையம். அந்த வளையத்துக்கு நடுவில போடாதையும், அது போயிட்டுது. ஒரு பாகம் முன்னுக்குப் போடும். போட்டிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லும். பாட்டுப் பெட்டியை வானுக்குள்ளயே விட்டிட்டுப் போம்.

ரெண்டாவது கொஞ்சம் கண்டிப்பாச் சொல்லுறன். சில இடத்தில தண்ணி மட்டத்தில செக்கச்செவேலெண்டு ஒரு கூட்டம் கொதிக்கிற மாதிரி அசையும். அது விரால் குஞ்சு. தாயும் தேப்பனும் அதுக்குக் கீழ காவல் நிக்கும். அதுக்கு மேலால தவளையை இழுத்தால் கட்டாயம் கடிக்கும், உம்மட ஆக்கள் அதைத்தான் கெட்டித்தனம் எண்டு படம் போடுறாங்கள். தம்பி, அது பசியில கடிக்கேல்லை, கோவத்தில கடிக்குது. நீர் தாயைத் தூக்கி நாலு கோணத்தில படம் எடுத்து முடிக்கிறதுக்குள்ள, குஞ்சில பாதி கெளுத்திக்கும் கொக்குக்கும் போயிடும். பிறகு தாயை விட்டென்ன, விடாமல் விட்டென்ன? செம்மை கண்டால் தடியைச் சுத்தும்.

மூண்டாவது, விடுறதெண்டால் கையை நனைச்சிட்டுப் பிடியும். விராலின்ர வழுவழுப்பு அதுக்குச் சட்டை. காய்ஞ்ச கையால துடைச்சுவிட்டால் அது உரிஞ்ச கோழிதான். தின்னுறதெண்டால் அதுக்கு மாறு: அடுப்புச் சாம்பல் போட்டு, கல்லில உரசோணும், வெள்ளைவெளேரெண்டு வருமட்டும். அதுக்குப் பிறகுதான் பழப்புளி, அதுக்குப் பிறகுதான் வெந்தயம். கொட்டாஞ்சேனைப் பிள்ளை நல்லாத்தான் சமைச்சாள், ஆனா உப்பும் தேசிக்காயும் போட்டுத்தான் கழுவியிருந்தாள். கறியில ஒரு சேத்து மணம் நிண்டது. அவளில பிழையில்லை. கொழும்பு முழுக்கக் காஸ் அடுப்பு, சாம்பலுக்கு ஆர் எங்க போறது?

நாலாவது, முழங்காலுக்கு மேல தண்ணியில இறங்காதையும். மெக்சிக்கோப் படத்தில இடுப்பளவில நிண்டு வீசுறது வடிவுதான். வவுனிக்குளத்தில முதலை இருக்கு. அதுக்குப் பிடிச்சு விடுற கொள்கை தெரியாது.

வேற என்ன? வலைக்காரரோட பேரம் பேசாதையும். பின்னேரம் வலையை விட்டிட்டு, கொட்டக் கொட்ட முழிச்சிருந்து, விடியப்புறம் இழுக்கிற ஆக்கள். நீங்கள் வருசத்தில ரெண்டு நாள் விளையாடுற தண்ணியில அவை முன்னூறு நாள் வேலை செய்யினம். முதலில போய்ச் சங்கத்தில கதைச்சு, எந்தப் பக்கம் வலை கிடக்கெண்டு கேட்டிட்டு நில்லும். உம்மட முள்ளு அவையின்ர வலையில சிக்கினால், கிழியிறது நூல் மட்டுமில்லை. மற்றது, மாங்குளத்தில திரும்பவேண்டிய வானை முறிகண்டி மட்டும் கொண்டுபோய், தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பிவாறது நல்ல பழக்கம். நல்லூருக்குப் போனதுக்குக் கச்சான் சாட்சி.

2022இல பெற்றோல் வரிசையில நாடே நிண்டநேரம், நாலு பேற்றை கியூஆர் கோட்டாவையும் சேர்த்து எண்ணெய் அடிச்சுப் போனியள் பாரும், அண்டைக்குத்தான் நினைச்சன், இது வெறும் மீன் விசர் இல்லை எண்டு. வேற என்னமோ இழுக்குது. எனக்கு விளங்கும்.

நான் அந்தக் கட்டில கடைசியா நிண்டது 2008இல. ஆவணி கடைசி. லாண்ட்மாஸ்ரரில பெட்டி எல்லாம் ஏத்திப்போட்டு, மாட்டை அவிட்டுவிட்டிட்டு, தண்ணி குடிக்கிற மாதிரிக் குளத்தடிக்குப் போனன். மாமி கூப்பிட்டுக்கொண்டு நிண்டவ. தண்ணி வத்தி, மருதமர வேர் வெளியில தெரிஞ்சது. ஒரு "ளொப்" கேட்டது. பெரிய சாமான், ஐஞ்சு இறாத்தலுக்குக் குறையாது. கையில ஒண்டும் இல்லை. அது இன்னும் அங்கதான் நிக்கும் எண்டு நான் சொல்லேல்லை. விரால் அவ்வளவு காலம் இருக்குமோ என்னவோ. அதின்ர பிள்ளை இருக்கும்.

அதுசரி, வானில முன் சீற் ஆருக்கு? ஸ்காபரோக்காரருக்குக் கால் நீளம் எண்டு போன வருசம் குடுத்தனீர். அவற்றை காலுக்கு வயசு நாப்பத்தெட்டு. என்ர முழங்காலுக்கு எழுபத்தெட்டு. மகளுக்கு என்ன சொல்லுறதெண்டு நீர் யோசிக்கவேண்டாம். கொடியேற்றத்துக்கு மாமனாரைக் கூட்டிக்கொண்டு போற மருமேனை எந்தப் பெண்சாதி மறிப்பாள்? இத்தனை வருசமா உமக்கு இந்த யோசனை வரேல்லையே, படிச்ச பிள்ளை!

வியாழன் ராவைக்கோ, வெள்ளி விடியவோ? ராவைக்கு எண்டால் நல்லது, குருநாகல் தாண்டி நித்திரை கொள்ளலாம். அந்த நீளப் பையை இழுக்கேக்குள்ள மெல்ல இழும். அதுக்குப் பக்கத்தில ஒரு நெஸ்பிறே ரின் இருக்கு, மூடி வடிவா இறுகாது. உள்ளுக்குச் சாம்பல். போறணைக்காரனிட்டைக் கேட்டு வாங்கினது.