பழுப்பு நிலக்கரியும் பீட்டாவும்

1952-இல் ஹாரி மார்க்கோவிட்ஸ் என்கிற 24 வயது அமெரிக்கர் 15 பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். எந்தப் பங்கு எவ்வளவு லாபம் தரும் என்று மட்டும் பார்க்காதே. ஒன்று விழும்போது மற்றதும் சேர்ந்து விழுமா என்று பார், சேர்ந்து விழாததாகப் பொறுக்கி வாங்கு என்பது அதன் சாரம். இதற்காக 1990-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கொடுத்தார்கள். அவர் எழுதி நாற்பது வருஷம் கழித்து அதே விஷயத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழக விடைத்தாளில் நானும் பக்கம் பக்கமாக எழுதினேன். பாஸ் போட்டார்கள்.

மேல்பட்டாம்பாக்கத்தில் மீட்டர்கேஜ் ரயிலேறினால் சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் எதிர் சீட்டில் கரும்பு விலை, முந்திரிக்கொட்டை விலை, நெல்லிக்குப்பம் ஆலையின் வெட்டு உத்தரவு எல்லாம் அலசி முடிக்கப்பட்டிருக்கும். அதற்குப் பிறகு நாங்கள் வகுப்புக்குப் போய் முதலீடு என்றால் என்ன என்று கற்றுக்கொள்வோம்.

பேப்பரின் பெயர் 'செக்யூரிட்டி அனாலிசிஸ் அண்ட் போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட்'. எம்.காம். வகுப்பில் பாதிப் பேர் ஷேர் பத்திரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. மீதிப் பேர் வீட்டில் அதன் பெயரால் நடந்த சண்டையைப் பார்த்திருந்தார்கள். காலம் அப்படி. 1991 தொடக்கத்தில் ஆயிரம் சொச்சத்தில் கிடந்த சென்செக்ஸ், பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா புண்ணியத்தில் அடுத்த வருஷ ஏப்ரலில் 4,400-ஐத் தாண்டியது. பிறகு பார்த்தால், வங்கிகள் கைமாற்றிக்கொண்ட ரசீதுகள் பலவற்றுக்குப் பின்னால் பத்திரமே இல்லை. ரிஸ்க் என்பது ஸ்டாண்டர்டு டீவியேஷன் என்றது எங்கள் புத்தகம். கணக்குப் போடுவதற்கு முதலில் பத்திரம் என்று ஒன்று இருந்தாக வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. இதெல்லாம் சொல்லியா தெரிய வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

1994 ஜனவரியில் மார்கன் ஸ்டான்லி குரோத் ஃபண்ட் வந்தது. விண்ணப்பப் படிவத்துக்கே வரிசை. படிவம் பிளாக்கில் போனது. ரஜினி படத்துக்குத்தான் பிளாக் என்று நம்பியிருந்த எங்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. படமாவது மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். 10 ரூபாய்க்கு வாங்கிய யூனிட்டோ வருஷக்கணக்கில் 10-க்குக் கீழே படுத்துக்கிடந்தது.

ஆனால் சேர்ந்து விழுவது என்கிற கோரிலேஷனை நான் புரிந்துகொண்டது வகுப்பில் அல்ல, நெய்வேலியில். மாமா அங்கே சுரங்கத்தில் வேலை. சம்பளம் பழுப்பு நிலக்கரி. வட்டத்தில் குவார்ட்டர்ஸ், அதுவும் நிலக்கரி. அத்தைக்குப் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி, பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம், பி.எஃப்., பெரியவனுக்கு அப்ரண்டிஸ் கிடைக்கும் என்ற நம்பிக்கை, எல்லாம் அதே குழியிலிருந்து வந்தவை. இவ்வளவும் போதாதென்று மாமா கம்பெனி ஷேரும் வாங்கி பீரோவில் வைத்திருந்தார். மார்க்கோவிட்ஸ் கண்டால் மயங்கி விழுந்திருப்பார்.

"எல்லாத்தையும் ஒரே எடத்துல போட்டா ஆபத்து மாமா" என்று படித்த திமிரில் சொல்லிவிட்டேன்.

"நிலக்கரி போச்சுன்னா கரண்டு போகும். கரண்டு போனா ஒங்க வாத்தியாருக்கு ஃபேன் ஓடுமா? எனக்கு மட்டும் என்னப்பா தனியா ஆபத்து?" என்றார்.

புத்தகத்தில் இதற்குப் பெயர் சிஸ்டமேட்டிக் ரிஸ்க். எவ்வளவு பிரித்துப் போட்டாலும் ஒழியாத ஆபத்து. பேராசிரியர் இரண்டு வாரம் நடத்தியதை மாமா தட்டில் இட்லி ஆறுவதற்குள் முடித்துவிட்டார்.

அந்தக் குழியின் சரித்திரமே போர்ட்ஃபோலியோ பாடத்துக்கு விரோதமானது. முப்பதுகளில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டப்போய்க் கரிய பொருள் வெளிவந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைக்கு எங்கள் மாவட்டத்தில் ஆதாரபூர்வமான உதாரணம் அவர்தான். மனிதர் பூதத்தை அரசாங்கத்துக்குக் காட்டிக்கொடுத்தார். பிறகு நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தையும் கொடுத்தார். 1956-இல் அரசாங்கத்தின் நெய்வேலி நிலக்கரி கார்ப்பரேஷன் வந்தது. மற்ற ஊர்க்காரர்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டு வேலை கேட்டு மனுவோடு நின்றார்கள். ஒரு சொத்தைக் கொடுத்து இன்னொரு சொத்தை வாங்குவது பரிவர்த்தனை என்று புத்தகத்தில் இருக்கிறது. இரண்டாவது சொத்து வந்து சேர ஒரு தலைமுறை ஆகலாம் என்பதற்கு ஃபார்முலா இல்லை.

அப்புறம் தேக்கு. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுக்கே தேக்குக் காய்ச்சல் பிடித்திருந்தது. இன்றைக்குக் கன்றுக்குப் பணம் கட்டு. பெண்ணுக்குக் கல்யாண வயசு வரும்போது மரம் லட்சமாக நிற்கும். எங்கள் தெருவுக்கு இதைக் கொண்டுவந்தவர் ரிட்டயர்டு வாத்தியார், அரைத் தெருவுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர். வழவழ தாளில் மரம் வருஷா வருஷம் பருப்பதை நாலு வண்ணத்தில் காட்டுவார். சந்தை ஆடும்போது ஒரு பங்கு எவ்வளவு ஆடும் என்பதற்கு எங்கள் புத்தகத்தில் பெயர் பீட்டா. தேக்குக்குப் பீட்டா எவ்வளவு என்று கேட்டேன். "அது ஒரம் போட்டா சரியாயிடும்பா" என்றார்.

அங்கேதான் எங்கள் சிலபஸ் கோட்டைவிட்டது. எந்தப் பங்கு எவ்வளவு ஆடும் என்று அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள். விற்க வருகிறவர் யார் என்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. எங்கள் பக்கம் யாரும் கம்பெனியைப் பார்த்துப் பணம் போட்டதில்லை. வாத்தியார், தபால்காரர், சம்பந்தி, கூட வேலை பார்த்தவர்: பணம் மனிதர்களைப் பார்த்துத்தான் போகும். இவருக்கு எப்படி இல்லையென்று சொல்வது என்கிற தயக்கத்துக்கு எவ்வளவு மார்ஜின் வைப்பது?

1998-இல் சென்னையில் அனுபவ் பிளாண்டேஷன்ஸ் சரிந்தது. தேக்கை நம்பியவர்கள் கையில் பிரசுரம் மட்டும் மிஞ்சியது. படிக்காத ஜனம் ஏமாந்தது என்று யாரும் சிரிக்க வேண்டாம். அதே 1998-இல் அமெரிக்காவில் லாங் டேர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற நிதியும் கவிழ்ந்தது. அதன் பங்குதாரர்களில் இருவர், ராபர்ட் மெர்ட்டனும் மைரன் ஷோல்ஸும், அதற்கு முந்தைய வருஷம்தான் பொருளாதார நோபல் வாங்கியிருந்தார்கள். தூக்கி நிறுத்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் முன்னின்று 14 நிறுவனங்களிடம் சுமார் 360 கோடி டாலர் திரட்ட வேண்டியிருந்தது. எங்கள் தெருவுக்கு முன்னின்று திரட்ட யாரும் வரவில்லை. வாத்தியார் மட்டும் கொஞ்ச காலம் பின்பக்கச் சந்து வழியாக நடந்துபோனார்.

அம்மா இதில் எதிலும் மாட்டவில்லை. ஏலச்சீட்டு ஒன்று, போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஒன்று, எல்.ஐ.சி. ஒன்று, காதில் கழுத்தில் கொஞ்சம், வீட்டு மூலையில் விலைக்குக் காத்திருக்கும் முந்திரி மூட்டை. சீட்டை அவசரப்பட்டுத் தள்ளி எடுக்கமாட்டாள். மற்றவர்கள் தள்ளத் தள்ள வரும் கசரை நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் குறித்துவைப்பாள். ஏன் இப்படித் துண்டு துண்டாக என்று கேட்டால், "ஒண்ணு போனா ஒண்ணு இருக்குமில்ல" என்பாள். கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் போடவில்லை, அவ்வளவுதான். மார்க்கோவிட்ஸும் போடவில்லை! சொந்த ஓய்வூதியப் பணத்தை எப்படிப் பிரித்தீர்கள் என்று பின்னாளில் கேட்டதற்கு, கடன் பத்திரத்தில் பாதி, பங்கில் பாதி என்று போட்டுவிட்டேன், எது எப்படிப் போனாலும் வருத்தம் குறையுமே என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். இது முதலிலேயே தெரிந்திருந்தால் நான் பரீட்சையில் 12 மார்க் கேள்விக்கு அம்மாவின் நோட்டையே இணைத்திருப்பேன்.

கடைசியில் 2013. பொதுத்துறைக் கம்பெனியிலும் பொதுமக்களிடம் குறைந்தது 10 சதவீதப் பங்கு இருக்க வேண்டும் என்றது செபி விதி. நெய்வேலியில் மத்திய அரசிடம் இருந்ததோ 93.56 சதவீதம். அதில் கொஞ்சத்தை விற்கிறோம் என்று டெல்லி சொன்னதும் ஜூலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தனியாருக்கு விடமாட்டோம், நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றார் முதல்வர் ஜெயலலிதா. செபியும் தலையாட்டியது. தமிழக அரசின் ஐந்து நிறுவனங்கள் 3.56 சதவீதத்தைச் சுமார் 358 கோடி ரூபாய்க்கு வாங்கின. உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் நடத்தாத போர்ட்ஃபோலியோ உத்தி இது: ஓர் அரசாங்கம் விற்கும், இன்னோர் அரசாங்கம் வாங்கும், வாங்கியவர் பெயர் பொதுமக்கள்.

மாமா அப்போது ஓய்வை நெருங்கியிருந்தார். ஆர்ப்பாட்டத்தில் கோஷம் போட்டுத் தொண்டை கட்டி, சுக்குக் கஷாயமும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"வித்ததும் கவர்மென்ட்டு, வாங்குனதும் கவர்மென்ட்டு" என்றார் கரகரத்த குரலில். "பீரோவுல இருக்கிற என் ஷேருக்கு எவனாவது ஏதாவது சொன்னானா, பேப்பர்ல பாத்துச் சொல்லு."