டைரக்டர் எழுந்தாச்சா?

இவரைச் சோம்பேறி என்று சொல்பவர்கள் நவம்பர் மாதத்தில் இவரைப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை எம்-த்ரீ பரீட்சை. பொறியியல் படித்தவர்களுக்கு அந்த மூன்றாம் செமஸ்டர் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. படிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இரவு ஒன்பது மணிக்கு நம்மவர் புத்தகத்தைத் திறக்கிறார். மேஜையில் தூசி. துடைக்கிறார். மேஜை பளிச்சென்று ஆனதும் அலமாரி அழுக்காகத் தெரிகிறது. அதையும் துடைக்கிறார். உள்ளே போன வருட நாடகத்துக்கு வாங்கிய ஒட்டுத்தாடி அகப்படுகிறது. அதைச் சீவி, டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் ‘தாடி (முனிவர் / தீவிரவாதி)’ என்று எழுதி ஒட்டுகிறார். பதினோரு மணிக்குப் பக்கத்து அறை மின்விசிறியின் கடகடச் சத்தம் காதில் விழுகிறது. ஒரு வருடமாக அது அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது, இன்றைக்குப் பொறுக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரோடு போய்ச் சரிசெய்துவிட்டு வருகிறார். ஒரு மணிக்கு இன்னொரு அறையில் ஒருவனுக்குக் காதல் முறிவு. மொட்டைமாடியில் உட்காரவைத்து மூன்றரை வரை ஆறுதல் சொல்கிறார். பிறகு இசட் டிரான்ஸ்பார்மில் இரண்டே இரண்டு ‘டூ மார்க்’ கேள்விகளைப் பார்த்துவிட்டு, புத்தகத்தையே தலையணையாக்கிக்கொள்கிறார். அன்று இரவு அந்த விடுதியில் அவரளவு உழைத்தவர் வாட்ச்மேன் உட்பட யாரும் இல்லை.

தாம்பரம் தாண்டியோ பூந்தமல்லி தாண்டியோ பொறியியல் கல்லூரிகள் முளைத்த இடத்திலெல்லாம் கல்லூரிக்கு ஒருவர் வீதம் இவரும் இருப்பார். அட்டெண்டன்ஸில் இவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆசிரியர்கள் மட்டும்தான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதிலே வராததால் அவர்களும் விட்டுவிட்டார்கள். மற்றவர்களுக்கெல்லாம் அவர் ‘டைரக்டர்’. காலையில் கதவருகே வந்து, “டைரக்டர் எழுந்தாச்சா அண்ணா?” என்று ரூம்மேட்டிடம் பயபக்தியோடு விசாரிக்கும் முதலாண்டுப் பையன்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். மெஸ் மூடுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு எழுந்து, பல் தேய்க்காமலே பொங்கல் தட்டோடு உட்கார்ந்து, “நேத்து நைட் ஒரு நாட் புடிச்சேன்டா” என்று அவர் ஆரம்பித்தால் அவர்களுக்கு முதல் பீரியட் போய்விடும். அவருக்கோ அது எப்போதோ போனது.

அந்த ‘நாட்’, அதாவது கதைக்கரு, எப்போதும் பிரமாதமாக இருக்கும். முதல் காட்சி பிரமாதம். இரண்டாம் காட்சி அதைவிடப் பிரமாதம். மூன்றாம் காட்சி நாளைக்கு எழுதப்படும்.

அவருடைய ரிகர்சல் நடப்பது மெஸ்ஸுக்குப் பின்னால், காஸ் சிலிண்டர் அடுக்கியிருக்கும் சிமெண்ட் தரையில், இரவு ஒன்பதரைக்கு மேல். பெண்கள் விடுதியின் கேட்டை அதற்கு வெகுநேரம் முன்பே பூட்டிவிடுவார்கள். அதனால் அவர் நாடகங்களில் தாய் எப்போதும் மாலை போட்ட படமாகவே வருவாள். காதலி செல்போனில் மட்டும் பேசுவாள். அந்தக் குரலையும் ஒரு மெக்கானிக்கல் மாணவன் கொடுப்பான். ‘பெண் இல்லாத உலகம்தான் என் தீம்’ என்று டைரக்டர் ஒரு போட்டியில் நடுவரிடம் விளக்கியிருக்கிறார். பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய காலத்திலும் பெண் வேடத்தை ஆண்கள்தான் போட்டார்கள். அன்றைக்குச் சமூகம் விடவில்லை, இன்றைக்கு வார்டன் விடவில்லை.

பம்மலை நான் சும்மா இழுக்கவில்லை. டைரக்டரே அடிக்கடி இழுப்பார். சபை தொடங்கியது 1891. பம்மலுக்கு அப்போது வயது 18, கல்லூரி மாணவர். “பதினெட்டு வயசுல சபா ஆரம்பிச்சிருக்கார் சார். எனக்கு இருபது. இப்பவே ரெண்டு வருஷம் லேட்டு” என்று துறைத் தலைவரிடமே சொல்வார். கிரேசி மோகன் கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தபடியே 1972-ல் போட்டிக்கு நாடகம் எழுதியது, கே. பாலசந்தர் ஏஜி ஆபீஸில் கோப்பு பார்த்தபடியே ‘சர்வர் சுந்தரம்’ போட்டது எல்லாம் அவர் நாக்கு நுனியில் இருக்கும். பம்மல் பிறகு வக்கீலானார், நீதிபதியாகவும் இருந்தார், அதற்கிடையே 90-க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதி முடித்தார். கிரேசி மோகன் இன்ஜினீயரிங்கை முடித்தார். பாலசந்தரும் அந்த நாட்களில் ஆபீஸ் வேலையை விடாமல் பார்த்தார். அந்த ‘முடித்தார்’ என்கிற பகுதி வரும்போது டைரக்டர் பேச்சை மாற்றிவிடுவார்.

நாடகக் குழுவுக்காக ரூமுக்கு ரூம் இருபது ரூபாய் வசூலித்துக் கணக்கு எழுதும் ஒரு அப்பாவி எப்போதும் உண்டு. நடிக்க ஆசைப்பட்டு வந்தவன். அவனுக்கென்று தனியாக ஒரு முன்னுதாரணம் வைத்திருக்கிறார் டைரக்டர். “மச்சி, கூத்துப்பட்டறையில விஜய் சேதுபதி என்ன வேலை பார்த்தார் தெரியுமா? அக்கவுண்டன்ட்!” உண்மைதான், ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய அந்தப் பட்டறையில் கணக்கு எழுதப் போனவர்தான் அவர். நம் கணக்குப்பிள்ளை அன்றிலிருந்து மூன்று வருடமாக மனம் தளராமல் வசூலித்துக்கொண்டிருக்கிறான்.

டைரக்டரின் உண்மையான படைப்பு என்று நான் கருதுவது நாடகம் அல்ல, ஓடி லிஸ்ட். வெளிக் கல்லூரிப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு வகுப்பில் இருந்ததாகவே கணக்கு வைக்கும் அந்த ‘ஆன் டியூட்டி’ என்கிற ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவருக்கு மெஸ் வாசலில் சிலை வைக்கலாம். பரீட்சை எழுத 75 சதவீத வருகை வேண்டும். எந்தப் பாடத்தில் இன்னும் எத்தனை வகுப்புக்குப் போகாமலிருக்கலாம், எந்த நோய்க்குச் சான்றிதழ் வாங்கினால் எவ்வளவு ஈடுகட்டலாம் என்பதையெல்லாம் பேப்பர் இல்லாமல், பேனா இல்லாமல் தசமப் புள்ளி வரை சொல்லிவிடுவார். எம்-த்ரீயில் வராத கணக்கு இதில் எப்படி வருகிறது என்று கணக்கு மேடத்துக்கே ஆச்சரியம்.

லிஸ்ட்டைத் தூக்கிக்கொண்டு துறைத் தலைவர் அறைக்குள் நுழைவதுதான் நாடகத்தின் உச்சக் காட்சி.

“எட்டு நிமிஷ ஸ்கிட்டுக்கு 22 பேராப்பா?”

“கோர்ட் சீன் சார். பொதுமக்கள் வேணும்.”

“இந்தப் பொதுமக்கள்ல அஞ்சு பேர் என் சப்ஜெக்ட்ல ஃபெயில்.”

“அவங்களைக் குற்றவாளிக் கூண்டுப் பக்கம் நிறுத்திடறேன் சார்.”

சார் சிரித்துவிடுவார். சிரித்தபின் கையெழுத்துப் போடாமலிருப்பது கஷ்டம். இது டைரக்டருக்குத் தெரியும். அந்தக் கடைசி வசனத்தை முந்தைய இரவு அறையில் நாலு முறை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார். இந்த அளவு ஒத்திகை அந்த ஸ்கிட்டுக்கு நடந்ததில்லை.

சினிமாவுக்கு வருவோம். அது இல்லாமல் அவரில்லை. பெரிய நடிகர் படம் வெளியாகும் நாளில் மட்டும் இவரை யாரும் எழுப்ப வேண்டியதில்லை. 2023 பொங்கலுக்கு ‘துணிவு’க்கு நள்ளிரவு 1 மணிக்கும் ‘வாரிசு’க்கு விடியற்காலை 4 மணிக்கும் காட்சி போட்டார்கள். அதே வருடம் ‘லியோ’ வந்தபோது, முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான் என்று அரசு சொல்லிவிட்டது. டைரக்டர் போன்றவர்களுக்கு இது கொள்கை ரீதியான இடி. நாலு மணிக் காட்சி என்றால் ஏழரைக்குள் திரும்பி வந்து, முதல் பீரியடிலேயே நிம்மதியாகத் தூங்கி, வருகையையும் வாங்கிக்கொள்ளலாம். ஒன்பது மணிக் காட்சி என்றால் வகுப்பைக் கட் அடித்தே ஆகவேண்டும். “கவர்மென்ட்டே மாணவனைக் கெடுத்தா நான் என்னங்க பண்றது?” என்று அவர் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

படம் முடிந்ததும் டீக்கடை. அங்கேதான் தீர்ப்பு. இன்டர்வல் பிளாக் ஓகே, செகண்ட் ஹாஃபில் பன்னிரண்டு நிமிடம் தூக்கணும், கிளைமாக்ஸை அவசரமாக எழுதியிருக்கிறார்கள். தன் கிளைமாக்ஸை இன்னும் எழுதாதவர் சொல்வதால் இதை யாரும் மறுப்பதில்லை; டீக்குக் காசு அவர் கொடுப்பதில்லை என்பதால் பேச்சு சீக்கிரம் முடிவதும் இல்லை.

டிசம்பர் பிறந்தால் அவர் ரசனை ஒரு படி ஏறிவிடும். 2003-லிருந்து சென்னையில் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழா வழக்கமாக அந்த மாதத்தில்தான் வரும். செமஸ்டர் பரீட்சையும் பெரும்பாலும் அதையொட்டியே முடியும் அல்லது முடியாது. விடிய விடியப் படித்துவிட்டு ஒருவன் சிவந்த கண்ணோடு மெஸ்ஸுக்கு வருவான். நம்மவரும் சிவந்த கண்ணோடு வருவார். “ஒரு ஈரானியப் படம்டா. ஒரு தாத்தா இருபது நிமிஷம் மலைமேல நடக்கறார். நடந்துட்டே இருக்கார். அழுதுட்டேன்.” எம்-த்ரீ எழுதியவனும் அழுதிருக்கிறான். ஆனால் அதற்கு சப்-டைட்டில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து போன் வரும். ஈரோட்டுப் பக்கம் வீடு.

“கண்ணு, படிக்கறயா?”

“படிச்சுட்டேதாம்மா இருக்கேன்.” பொய் இல்லை, கையில் ஸ்க்ரிப்ட்.

அப்பா போனை வாங்குவார். “என்ன தம்பி, எல்லாம் பாஸுதானே?”

“ஒண்ணே ஒண்ணு மட்டும் போஸ்ட் புரொடக்‌ஷன்ல இருக்குப்பா.”

அப்பாவுக்கு அது ஏதோ புதுப் பாடம் என்று நினைப்பு. கஷ்டமான பாடமாகத்தான் இருக்கவேண்டும், மூன்று செமஸ்டராக அதையே எழுதுகிறான்.

இப்படிப்பட்டவருக்கு நான்காம் ஆண்டில் ஒரு ஆபத்து நேர்ந்தது. நாடகக் குழுவின் செயலாளர் பதவியைக் கல்லூரியே கொடுத்துவிட்டது. அடையாள அட்டை, லெட்டர்பேடு, ஆடிட்டோரியம் சாவி. கூடவே ஒரு தேதியும்: அக்டோபரில் ஒரு பெரிய கல்லூரியின் போட்டி, செப்டம்பர் முப்பதுக்குள் முழு ஸ்க்ரிப்ட் பொறுப்பாசிரியர் மேஜைக்கு வரவேண்டும்.

அதுவரை நாடகம் எழுத அவரை யாரும் கேட்டதில்லை. யாரும் கேட்காததால்தான் எழுதிக்கொண்டிருந்தார். இப்போது கேட்டுவிட்டார்கள். சாவி கைக்கு வந்த அன்று மாலையே அவருக்கு நாடகத்தின்மேல் இருந்த பசி அடங்கிவிட்டது. நாட் பிடிப்பது நின்றது. மேஜையைத் துடைத்தார். அலமாரியைத் துடைத்தார். சினிமாவுக்குப் போகலாமென்றால், அந்த வருடம் திரைப்படக் கழகத்துக்கும் இவரையே பிடித்துப்போட்டு, பார்க்கும் படத்துக்கெல்லாம் திங்கட்கிழமை விமர்சனம் எழுதித்தரச் சொல்லியிருந்தார்கள். சினிமாவும் கசந்தது. பக்கத்து அறை மின்விசிறியோ போன நவம்பரில் சரிசெய்ததிலிருந்து ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில், யாரும் இனிமேல் இவரிடம் எதிர்பார்க்காத ஒரே பொருள் அறையில் மிச்சமிருந்தது. எம்-த்ரீ புத்தகம். புரட்டினார். ஃபூரியர் தொடர்.

செப்டம்பர் முழுக்க விடுதியில் நம்பமுடியாத காட்சிகள். “டைரக்டர், மூணாவது சீன் வந்துடுச்சா?” என்று யாராவது கதவைத் தட்டினால் உள்ளே அலைச் சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தவர் அவசரமாக அதன்மேல் ஸ்க்ரிப்ட்டை வைத்து மூடுவார். பொறுப்பாசிரியர் இரண்டு முறை நினைவூட்டினார். வெப்பச் சமன்பாடு முடிந்தது. மூன்றாவது முறை கோபமாகக் கேட்டார். இசட் டிரான்ஸ்பார்ம் முழு யூனிட்டும் முடிந்தது. சாரே இன்னும் கொஞ்சம் நெருக்கியிருந்தால் கோல்டு மெடல் வந்திருக்கும் என்பது கணக்குப்பிள்ளையின் கருத்து.

போட்டிக்கு இரண்டு காட்சிகளோடே போனார்கள். இரண்டாம் காட்சி முடிந்ததும் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டார்கள். அரங்கம் மின்வெட்டு என்று நினைத்து விசிலடித்தது. பரிசு கிடையாது. ஓடி மட்டும் 22 பேருக்கும் கிடைத்தது.

முடிவுகள் பிப்ரவரியில் வந்தன. எம்-த்ரீ பாஸ், அதுவும் எட்டிப்பிடித்த பாஸ் இல்லை, கௌரவமான மார்க். துறைத் தலைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எப்படிப்பட்டவனையும் கரையேற்றலாம் என்பதற்குக் கண்கண்ட சாட்சி கிடைத்துவிட்டது அல்லவா? வரும் சனிக்கிழமை காலை, அரியர் வைத்திருக்கும் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு டைரக்டரே ஃபூரியர் தொடர் வகுப்பெடுக்க வேண்டும், குறிப்புகள் தயாரித்து வெள்ளி மாலைக்குள் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

வியாழன் இரவு டைரக்டர் மேஜையைத் துடைத்தார். விடிவதற்குள் மூன்றாம் காட்சியை எழுதி முடித்துவிட்டார். படித்துப் பார்த்த கணக்குப்பிள்ளை, இதுவரை அவர் எழுதியதிலேயே இதுதான் உச்சம் என்கிறான். மாலை போட்ட படத்திலிருந்து தாய் இறங்கி வந்து பேசுகிறாளாம்.