ரோக்ஃபோர் கிராமம்: பெரியம்மாவுக்கு ஒரு விளக்கவுரை

ரோக்ஃபோர்-சுர்-சூல்சோன்,
அவெரோன் மாவட்டம், பிரான்சு.

காரைக்கால் பெரியம்மா அவர்களுக்கு,

பெரியம்மாவின் மடலில் வினாக்கள் மூன்று உள்ளன. பிரான்சுக்குப் போன பிள்ளை இருக்கும் ஊர் எங்கே உள்ளது, அவ்வூரார்க்குப் பிழைப்பு என்ன, பூசணம் பூத்த பண்டத்தை எறியாமல் காசு கொடுத்து வாங்குவது ஏன் என்பன அவை. இவற்றுக்கு முறையே புவியியல், வரலாறு, சட்டம் ஆகிய துறைகளின் துணையோடு விடை கூறுவது இம்மடலின் நோக்கமாகும். உடம்பு நலமாக உள்ளது, வேளைக்கு உணவு உண்ணப்படுகிறது, கம்பளிச் சட்டை தவறாமல் அணியப்படுகிறது ஆகிய செய்திகள், பெரியம்மா அவற்றைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடக் கூடும் என்பதால், இங்கேயே பதிவு செய்யப்படுகின்றன.

பாரிசுக்குத் தெற்கே சாலை வழியாக 600 கிலோமீட்டருக்கும் அப்பால், மாசிஃப் சென்ட்ரால் எனப்படும் மேட்டுநிலத்தின் தென்விளிம்பில் இக்கிராமம் அமைந்துள்ளது. மக்கள்தொகை ஆயிரத்துக்கும் குறைவு. காரைக்காலில் ஒரு நடுத்தரக் கல்யாணத்தில் முதல் இரண்டு பந்திகளிலேயே ஊர் முழுவதும் உண்டு எழுந்துவிடலாம். அருகிலுள்ள லார்சாக் என்னும் சுண்ணாம்புக்கல் பீடபூமியில் மழைநீர் மேலே தங்காமல் பாறைப் பிளவுகளுக்குள் இறங்கிவிடுவதால், மெல்லிய புல்லைத் தவிரப் பெரிதாக எதுவும் விளைவதில்லை. அந்தப் புல்லை நம்பி மாடு வளர்ப்பது கடினம். செம்மறியாட்டுக்கு அது போதும். எனவே இவ்வட்டாரத்தின் செல்வம் லக்கோன் என்ற இனத்துச் செம்மறியாடுகளே. அவற்றின் பால், ஊரின் பெயரையே தாங்கிய ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்கும், குட்டிகளின் தோல் பக்கத்து நகரமான மியோவின் புகழ்பெற்ற கையுறைத் தொழிலுக்கும் சென்றன.

பீடபூமியின் ஓரத்தில் கொம்பாலு என்ற குன்று நிற்கிறது. களிமண் அடுக்கின் மேல் சுண்ணாம்புப் பாறை அமர்ந்திருந்த இக்குன்றின் ஒரு பக்கம், நீர் ஊறிக் களிமண் வழுக்கியதால், வரலாற்றுக்கு முந்திய காலத்தில் சரிந்து விழுந்தது. மலை சரிந்தால் ஊரைக் காலி செய்வது உலக வழக்கு. இங்கோ சரிந்த மலைக்குள்ளேயே மக்கள் கடை விரித்தனர். சரிந்து கிடந்த பாறைகளுக்கு இடையே குகைகளும், அக்குகைகளை வெளியுலகோடு இணைக்கும் நீண்ட பிளவுகளும் உண்டாயின. இப்பிளவுகளுக்கு ஃப்ளூரின் என்று பெயர். அவற்றின் வழியே நுழையும் காற்று ஈரப்பாறையைத் தடவிக் குளிர்ந்து உள்ளே இறங்குவதால், குகைகளில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 8 முதல் 12 பாகை வரையிலான வெப்பநிலையும் மிகுந்த ஈரப்பதமும் நிலவுகின்றன. பிற ஊர்கள் வெயில் விழும் சரிவைத் தேடிக் குடியேற, இவ்வூர் மட்டும் நிழல் விழும் வடசரிவில் ஒட்டிக்கொண்டிருப்பதன் காரணம் இதுவே. தெருவிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடமாகத் தெரிவது, உள்ளே போனால் குன்றைக் குடைந்து பல அடுக்குகளாகக் கீழே இறங்குகிறது. மனிதர் வசிக்கும் பரப்பைவிடப் பாலாடைக்கட்டி வசிக்கும் பரப்பு அதிகமோ என்ற ஐயம் புதிதாக வருவோருக்கு எழுவது இயல்பே.

வரலாற்றின் தொடக்கத்தில், எதிர்பார்க்கத்தக்கவாறு, ஒரு காதல் கதை நிற்கிறது. ரொட்டியையும் தயிர்க்கட்டியையும் குகையில் வைத்துவிட்டு ஒரு பெண்ணின் பின்னால் போன இடையன் நெடுநாள் கழித்துத் திரும்பியபோது, உணவில் நீலப் பூசணம் படர்ந்திருந்ததாகவும், பசியில் அதை உண்டு அவன் வியந்ததாகவும் ஊரார் கூறுவர். பெண் என்ன ஆனாள் என்பதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பாலாடைக்கட்டி கிடைத்ததோடு கதையின் பயன் முடிந்துவிடுகிறது.

ஆவணங்களுக்கு வந்தால், ஆறாம் சார்ல் மன்னர் 1411-இல் இக்குகைகளில் பாலாடைக்கட்டியைப் பதப்படுத்தும் தனியுரிமையை ரோக்ஃபோர் மக்களுக்கு வழங்கினார். தம் உடல் கண்ணாடியால் ஆனது என்றும், யாராவது மோதினால் நொறுங்கிவிடும் என்றும் அஞ்சி வாழ்ந்தவராக வரலாறு காட்டும் இம்மன்னர், ஆட்டுப்பால் விஷயத்தில் மட்டும் தெளிவாக இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் 1666-இல் துலூஸ் உயர்நீதிமன்றம் போலிச் சரக்கு விற்போருக்குத் தண்டனை விதிக்கும் ஆணையைப் பிறப்பித்தது. 1925-இல் ரோக்ஃபோர் என்ற பெயரைக் காக்கவே தனிச்சட்டம் இயற்றப்பட்டு, பிறப்பிடப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற முதல் பிரெஞ்சுப் பாலாடைக்கட்டியாக இது ஆனது. கொம்பாலுவின் இயற்கைக் குகைகளில் பதமானதே ரோக்ஃபோர் என்று 1961-இல் மியோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1999-இல் அமெரிக்கா, ஹார்மோன் ஊட்டிய தன் மாட்டிறைச்சியை ஐரோப்பா ஏற்க மறுத்ததற்குப் பதிலடியாக, இதன் மீது 100 விழுக்காடு வரி விதித்தபோது, சோசே பொவே என்ற உழவர் தலைவரும் தோழர்களும் மியோவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் உணவகத்தைப் பிரித்துப் போட்டனர். மாட்டுக்காக நடந்த சண்டையில் ஆட்டுக்கு விழுந்த அடியை ஊரார் இன்றும் மறக்கவில்லை.

இனிப் பூசணம். பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்னும் இப்பூசணம் பெனிசிலின் மருந்தைத் தரும் பூசணத்தின் பங்காளியாகும். அதற்காக இருமலுக்கு இதைக் கொடுக்கலாம் என்று பெரியம்மா முடிவு கட்டிவிட வேண்டாம். கோதுமை போன்ற ரை என்னும் தானியத்தில் சுட்ட ரொட்டியில் இதை வளரவிட்டு, காயவைத்துப் பொடித்து, பாலில் கலப்பது பழைய முறை. பால் திரிந்து வட்டக் கட்டிகளான பின் அவற்றுக்கு உப்புத் தேய்த்து, பூசணம் மூச்சுவிட நீண்ட ஊசிகளால் துளையிட்டு, குகையிலுள்ள ஓக் பலகைகளில் ஒன்றையொன்று தொடாதவாறு விளிம்பின் மேல் நிறுத்துவர். பதம் பார்க்கும் மூத்தவர் ஒரு குழல் போன்ற கருவியைக் கட்டிக்குள் செலுத்தி உருவுகிறார். வெளிவரும் மெல்லிய தண்டின் நீல நரம்பை உற்றுநோக்கி, முகர்ந்து, சிறிது சுவைத்து, எஞ்சியதை வந்த துளையிலேயே செருகி மூடுகிறார். ஃப்ளூரின் கதவுகளைத் திறப்பதும் சாத்துவதும் அவர் சொற்படியே நடக்கும். இக்குளிரில் கட்டிகளைப் புரட்டி, துடைத்து, வெள்ளீயத் தாளில் சுற்றும் பணியைத் தலைமுறைகளாகச் செய்தவர்கள் கபனியேர் எனப்பட்ட பெண்கள். புகழோ இடையனுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே இவ்வூரார் விற்பது வெறும் பூசணமன்று. ஒரு குன்றின் காற்றையும் அதற்குக் காவலாக நிற்கும் சட்டத்தையும் சேர்த்தே விற்கின்றனர். பால் எங்கும் உண்டு, பூசணமோ கேட்காமலே வரும். பெயரை நிலத்தோடு கட்டிப்போட்டதே இவர்களின் கெட்டிக்காரத்தனம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் கிடைத்த புவிசார் குறியீடும் இதே வகைக் காப்புத்தான். ரோக்ஃபோருக்கு மன்னர் உரிமை தந்து அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் அது வந்தது என்பது நம்மவர் நிதானத்துக்குச் சான்று.

ரோக்ஃபோரை உண்ணும் முறை எளியது. குளிர்பெட்டியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாக எடுத்து வைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து ரொட்டியோடு உண்ண வேண்டும். ஊறுகாய் தேவையில்லை, உப்பு அதிலேயே உள்ளது. பாலைத் திரியவைக்கும் உறைபொருள் விலங்குக் குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவதால் இது கண்டிப்பான சைவத்தில் சேராது. வெள்ளி, கிருத்திகை நாட்களில் பெரியம்மா இதைத் தொடாதிருப்பதே முறையாகும்.

இங்ஙனம்,
அன்பு மகன்