மதிப்பெண் பதிவுக்கு எந்தச் செயலி?

கேள்வி: அமெரிக்காவில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர், பாட அட்டவணைக்கும் மதிப்பெண் பதிவுக்கும் எந்தச் செயலியைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: குடியிருக்கும் மாநிலத்தின் சட்டத்தைப் படித்த பிறகே செயலியைத் தேட வேண்டும். டெக்சாஸ் எந்தப் பதிவேட்டையும் கேட்பதில்லை. நியூயார்க்கோ முதல் ஆறு வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 900 மணி நேரமும் அதற்கு மேல் 990 மணி நேரமும் கற்பிக்க வேண்டும் என விதிப்பதோடு காலாண்டு அறிக்கையும் கேட்பதால், அங்கே வண்ண வண்ண அட்டவணையைவிட மணிக்கணக்கைத் தானே கூட்டித் தரும் வசதியே முக்கியம். உயர்நிலை வகுப்புகளில், ஏ தரத்துக்கு 4, பி தரத்துக்கு 3 எனப் புள்ளியிட்டுச் சராசரி காணும் ஜி.பி.ஏ. கணக்கைச் செயலி பிழையின்றிப் போட்டுவிடும். ஆனால் ஆசிரியரும் தலைமையாசிரியரும் தாயே என்றிருக்கும் பள்ளியில் எல்லாப் பாடத்திலும் ஏ தரமே விழுவதை எந்தச் செயலியாலும் தடுக்க முடியாது. சந்தா நின்றதும் பதிவுகள் கைக்கு எட்டாமல் போகக்கூடும் என்பதால், அவற்றை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ள வழியில்லாத செயலியை, அது இலவசமாகவே கிடைத்தாலும், ஒதுக்கிவிடலாம். ஒரே பிள்ளை படிக்கும் வீட்டுக்குக் கூகுள் ஷீட்ஸ் போதும்.