ஐந்தாம் ஜார்ஜ் மார்பில் யானை: தடையும் விடையும்

வெள்ளி ரூபாய் சேர்ப்போரிடையே நூறாண்டு கடந்தும் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. 1911ஆம் ஆண்டு ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மார்பில் நிற்கும் விலங்கு யானையா, பன்றியா?

யானையே என்பது அரசுத் தரப்பு. மன்னர் பூண்டிருப்பது இந்தியப் பேரரசு விருதின் ஆரம். ஆரத்தில் யானை உண்டு. ஆகவே இதுவும் யானை என்க. அற்றேல் தும்பிக்கை எங்கே எனின், காசின் குறுக்களவே சுமார் 30 மில்லிமீட்டர். அதற்குள் மன்னர், மன்னர்மேல் அங்கி, அங்கிமேல் ஆரம், ஆரத்தில் யானை. இத்தனை நெருக்கடியில் தும்பிக்கை நீளுமா? நீளவில்லை. கண்டவர் பன்றி என்றனர், கூச்சல் கிளம்பியது. அரசு வாதாடிக்கொண்டிராமல் அக்காசுகளில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912இல் தும்பிக்கை துலங்கத் திருத்தி அடித்தது.

தென்னாட்டில் இக்கூச்சலுக்கு நியாயமில்லை என்பது எம் கருத்து. விஜயநகரத்தார் இலச்சினையே பன்றிதான். பன்றியின் பெயர் தாங்கிய வராகன் பொற்காசை நாம் தலைமுறை தலைமுறையாக முடிந்துவைத்தோம். 1818இல் கம்பெனியார் சென்னை மாகாணத்துக்கு ரூபாயை நிலைநாணயமாக்கி, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று கணக்கு வைத்தபோதும் பன்றியைப் பற்றி யாரும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

இனித் தேய்மானக் கொள்கை. வெள்ளி கறுத்தால் திருநீறு போட்டுத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். பூசைமாடத்து ரூபாய்க்கு இது வாரந்தோறும் நடந்தால் முதலில் மழுங்குவது தும்பிக்கை, அடுத்துக் காது. ஆக, 1912க்குப் பின் பிறந்த அசல் யானையும் பாட்டிமார் கைபட்டுப் பன்றியாகும் என்பது பெறப்படும். கடைக்காரர்கள் இக்கொள்கையின் தீவிர ஆதரவாளர்கள். பன்றிக்கு விலை அதிகம் அல்லவா! "நல்லாப் பாருங்க சார், பன்னிதான்" என்று 1917ஆம் ஆண்டுக் காசை நீட்டுவார்கள்.

காசைப் புரட்டினால் பின்பக்கத்தில் ஆண்டு இருக்கிறதே, 1911 எனில் பன்றி, ஏனையவை யானை என்று முடித்துவிடலாமே என்பாரும் உளர். அது பொருந்தாது. விலங்கை ஆராய லென்ஸ் வாங்கியவர்கள் காசைப் புரட்ட மாட்டார்கள். புரட்டுகிறவர்களுக்கு லென்ஸ் எதற்கு?