சாமி அறை நீங்கலாக

அன்புள்ள அக்காவுக்கு,

தோட்டத்தோடு பெரிய வீடு என்றதும், "ஜமீன்தார் ஆகிவிட்டாயா?" என்று கேட்டிருந்தாய். வீடு பெரியதுதான். இந்தத் தோயாமா மாநிலத்து வீடுகள் ஜப்பானிலேயே விசாலமானவை என்று பெயர் வாங்கியவை. ஜமீன்தார் யார் என்பதில்தான் குழப்பம்.

நாங்கள் இருக்கும் தொனாமி சமவெளியில் தெரு, சந்து என்று எதுவும் இல்லை. வயல் நடுவே ஒரு வீடு, சுற்றி மரங்கள். மறுபடி வயல், மறுபடி வீடு. கைமாற்றாகச் சர்க்கரை வாங்க வரப்பு தாண்ட வேண்டும். அக்கம்பக்கத்துச் சங்கத்தின் சுற்றறிக்கை அட்டை வந்தால் படித்து, முத்திரை போட்டு, அடுத்த வீட்டில் சேர்ப்பது நம் பொறுப்பு. பனிக்காலத்தில் அது ஒரு பாத யாத்திரை.

ஜப்பானில் 90 லட்சம் வீடுகள் காலியாகக் கிடப்பதாக 2023 கணக்கெடுப்பு சொல்கிறது. வாடகைக்குக் கேட்டுப் பார், குதிரைக்கொம்பு! காலி வீடு என்பார்கள், உள்ளே முன்னோர்கள் இருப்பார்கள். எங்கள் கூடத்துக்கு அடுத்த அறையில் ஆளுயரப் புத்தர் மாடம். வெளியே கறுப்பு அரக்கு, உள்ளே தங்க ரேக்கு. காலமான பெரியவர்களுக்கும் அதுதான் இருப்பிடம். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமலே பலர் வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மாள் தாராள மனசுக்காரர்: அந்த அறை நீங்கலாக வாடகை. ஆகஸ்ட் நடுவில், பெரியவர்கள் வீடு தேடி வரும் நாட்களில், அவரும் சுற்றத்தோடு வந்துவிடுவார். இந்த முறை ஒரு தாத்தா தடுப்புக் கதவுகளை மளமளவென்று கழற்றி, எட்டுப் பாய் அளவுள்ள இரண்டு அறைகளையும் ஒரே மண்டபமாக்கிவிட்டு, "என் கல்யாணம் இங்கேதான் நடந்தது" என்றார். நான் ஓரமாக உட்கார்ந்து, என் வீட்டுத் தேநீரை விருந்தாளி மாதிரி வாங்கிக் குடித்தேன்.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்று புலம்புவாயே, அதாவது திரும்பி வரும். இங்கே முன்பணம் தனி, வீட்டுக்காரருக்கு மரியாதைப் பணம் ஒரு மாத வாடகை தனி. பின்னது போனது போனதுதான்.

தோட்டம் என்றதும் மல்லிகைப் பந்தல் நினைத்திருப்பாய். இது காற்றையும் பனியையும் தடுக்க அந்தக் காலத்தில் வைத்த நெட்டை ஊசியிலை மரங்கள். நிலத்தை விற்றாலும் வீட்டைச் சுற்றிய மரத்தை விற்காதே என்று இந்தப் பக்கத்தில் சொலவடை. சொன்னவர் துடைப்பம் பிடித்திருக்க மாட்டார். முன்பெல்லாம் உதிர்ந்த சருகுதான் அடுப்புக்கும் வெந்நீருக்கும். இப்போது ஸ்டவ்வுக்கு 18 லிட்டர் கேனில் மண்ணெண்ணெய் வாங்குகிறோம். ஆகவே சருகு முழுக்க என் சொத்து.

குளிர்காலத்தில் இத்தனை அறைகளையும் சாத்திவிட்டு, அடியில் ஹீட்டர் வைத்த குட்டை மேசைக்குள் நாலு பேரும் காலை நீட்டிக்கொண்டு ஒரே அறையில் கிடக்கிறோம். மாம்பலம் போர்ஷனில்கூட இவ்வளவு நெருக்கம் இல்லை.

வெண்டை நன்றாகக் காய்க்கிறது. இந்த ஊர்க்காரர்கள் அதை லேசாக வெந்நீர் காட்டி, வழவழப்போடு சாப்பிடுகிறார்கள். அம்மாவிடம் சொல்லிவிடாதே.

நீ வருவதென்றால் ஏப்ரல் கடைசியில் வா, துலிப் பூத்துக் கிடக்கும். ஜனவரிதான் லீவு கிடைக்கும் என்றால் அத்தானையும் அழைத்து வா. கூரைப் பனியைத் தள்ள ஒரு ஆள் குறைகிறது.

அன்புடன்,
உன் தம்பி