அல்பகாலத் தீவுவாச சாஸ்திரம்

ஒரு காரியத்தைப் பற்றி முறையான ஆராய்ச்சி நூல் ஒன்று வெளிவரும் வரையில் அந்தக் காரியத்தை மனிதர்கள் செய்து வந்ததெல்லாம் வெறும் தற்செயலே என்பது பண்டித உலகம் ஏகமனதாக ஒப்புக்கொண்ட சித்தாந்தம். அப்படியிருக்க, ஆண்டுதோறும் எத்தனையோ ஆயிரம் பேர் கிரேக்க தேசத்துக்குப் போய், ஆரவாரமில்லாத ஒரு சிறு தீவில் இறங்கி, சில தினங்கள் சும்மா இருந்துவிட்டுத் திரும்புகிறார்களே, அந்தச் சும்மா இருத்தலுக்கு லக்ஷணம் என்ன, வகை எத்தனை, அதிகாரி யார், பிரயோஜனம் யாது என்று இதுநாள் வரை ஒருவரும் தொகுத்தும் வகுத்தும் சொல்லாமல் விட்டிருப்பது கல்வியுலகத்துக்கு நேர்ந்த பெரிய மானக்கேடு. அதைத் துடைக்கவே இந்நூல் எழுந்தது. இதன் அளவு சிறிதாயிருப்பது காகிதப் பஞ்சத்தாலேயன்றிக் கருத்துப் பஞ்சத்தால் அன்று.

கிரேக்கரைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் யவனரிலிருந்து தொடங்கவேண்டும் என்பது விதி. யவனர் முசிறித் துறைக்குக் கலம் ஏறி வந்தனர். பொன்னைக் கொடுத்து மிளகைக் கொண்டுபோயினர். விதி நிறைவேறியது. இதற்கு நாற்பது பக்கம் செலவிட்டு, நாற்பத்தோராம் பக்கத்தில் கட்டுரைப் பொருளை மறந்துவிடுவதே மரபு என்பதை அறிவேன். எனக்கு மீனும் பூனையும் காத்திருப்பதால் மரபை மீறுகிறேன்.

முதலில் லக்ஷணம். அமைதியான தீவு என்பது சத்தமே இல்லாத தீவு என்று பூர்வபக்ஷிகள் கூறுவர். இது அசம்பவம் என்னும் குற்றத்தில் விழும்; கோடை நண்பகலில் ஈஜியன் கடல் தீவுகளில் மரம் ஒன்று இருந்தால் போதும், அதில் சிள்வண்டுகள் இருந்தே தீரும். ஜனங்களே இல்லாத தீவு என்றால் அதிவியாப்தி. அந்த லக்ஷணம் கடலில் துருத்திக்கொண்டிருக்கும் மொட்டைப் பாறைகளுக்கெல்லாம் பொருந்தும், பாறையிலோ மீன் பொரித்துத் தருவார் இல்லை. விமான நிலையம் இல்லாத தீவு என்று மூன்றாமவர் சொன்னது சற்று நெருங்கிய கருத்து. அதனால் சாந்தோரினியும் மிக்கோனோஸும் ஒரே வீச்சில் விலகிவிடுகின்றன. ஆனால் இயோஸ் தீவிலும் விமான நிலையம் இல்லை. அங்கேயோ கோடை இரவுகளில் இளைஞர் பட்டாளம் விடிய விடியக் கூத்தடிக்கிறது. மகாகவி ஹோமரின் சமாதி அத்தீவில் இருப்பதாக ஐதிகம். அவர் எப்படி உறங்குகிறார் என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. ஆகவே, விமானம் இறங்காததும், அயலார் கூத்தடிக்காததும், மீன் பொரிப்பார் உடையதுமாகிய நிலமே அமைதியான தீவு என்பது சித்தாந்தம். இவ்விலக்கணத்துக்கு உதாரணமாக, சைக்ளேட்ஸ் கூட்டத்தைச் சேர்ந்ததும், ஏறக்குறைய 32 சதுரக் கிலோமீட்டர் பரப்பும் 800க்குக் குறைந்த குடிகளும் உடையதுமான ஃபோலெகாண்ட்ரோஸ் தீவைக் கொள்க.

இத்தீவின் புராதனப் பெருமைக்குப் பிரமாணம் சாமானியமானதன்று. கி.மு. 600ஐ ஒட்டிய காலத்தில், ஆதென்ஸ் நகரத்தார் சாலமிஸ் தீவை மெகாரா நகரத்தாரிடம் பறிகொடுத்துவிட்டு, இனி அதைப் பற்றிப் பேசுவதே குற்றம் என்று சட்டமும் செய்து கொண்டிருந்தபோது, பிற்காலத்தில் அந்நகரத்துக்கே சட்டம் வகுத்துக் கொடுத்த சோலோன், பித்துப் பிடித்தவன்போல நடித்துச் சந்தைவெளியில் நின்று ஒரு பாட்டைப் பாடினார் என்பது வரலாறு. சாலமிஸைக் கைவிட்ட ஊரான் என்ற பெயரைச் சுமப்பதைவிடத் தாம் ஒரு ஃபோலெகாண்ட்ரோஸ்வாசியாகவோ, அடுத்த தீவாகிய சிகினோஸ்வாசியாகவோ பிறந்திருக்கலாமே என்று அதில் அவர் நொந்துகொள்கிறார். அதாவது, நாகரிகமுள்ள ஒருவன் தன்னைத் தானே திட்டிக்கொள்ள வேண்டுமானால் எட்டக்கூடிய கடைசி எல்லை இந்தத் தீவு. அந்த எல்லைக்கு இன்று ஜனங்கள் பல மாதம் முன்னதாகவே அறை பதிவுசெய்து, பணமும் கட்டிப் போகிறார்கள்.

ஆராய்ச்சியாளர் இவ்வளவோடு விடுவாரா? சோலோன் இத்தீவைக் கண்டவரா, காணாதவரா என்பது அடுத்த வினா. கண்டிருந்தால் இதை இழிவுக்கு உதாரணமாக்கியிருக்க மாட்டார். காணாதிருந்தால் இதன் பெயரைச் செய்யுளில் வைத்திருக்க மாட்டார். எனவே கண்ட சோலோன் ஒருவர், காணாத சோலோன் ஒருவர், ஆக இருவர் என்று முடிவு கட்டுவதே நம்மவர் வழக்கம். ஔவையாரையும் கபிலரையும் நக்கீரரையும் தேவைக்குத் தக்கபடி பெருக்கிக்கொண்ட நமக்குச் சோலோன் ஒருவரை இருவராக்குவது ஒரு மாலைப்பொழுதின் வேலை. பின்னும் ஒரு பிரமாணம்: கவி அராட்டஸ் இத்தீவை 'இரும்பு' என்று அழைத்ததாகப் பூகோள நூலாசிரியர் ஸ்ட்ராபோ குறித்து, தீவின் கரடுமுரடே அதற்குக் காரணம் என்று விளக்கமும் தந்துவிட்டார். விளக்கம் தெளிவாயிருப்பதால் இதில் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை, மேலே செல்வோம்.

பிரயாண காண்டம். பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறினால், விரைவுக் கப்பலானாலும் நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் தீவு தென்படும். மெதுவான கப்பலில் அதைவிட வெகு நேரம் ஆகும். கரை நெருங்குகையில் பிரயாணிகள் அனைவரும் மூட்டை முடிச்சுகளுடன் கப்பலின் அடித்தளத்துக்கு இறங்கி, லாரிகளுக்கு நடுவில், எண்ணெய்ப் புகையில், ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். சங்கிலிகள் கடகடவென்று ஓட, பின்புறத்து இரும்புப் பலகை மெள்ளச் சாய்கிறது. முதலில் ஒரு கீற்று வெளிச்சம், பின்னர் நுரைக்கும் நீர், பின்னர் கயிறு பிடிக்கும் ஓர் ஆள், அவர் வாயில் சிகரெட்டு. பலகை தரையில் சரியாகப் படியுமுன்னரே, சாந்தியை நாடி வந்த ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு வெளியே பாய்கிறார்கள்.

இவர்கள் இறங்கும் அதே பலகை வழியாக எதிர்த்திசையில் ஏறுகிறவர்களையும் கவனிக்கவேண்டும். தீவுக்காரர் ஒருவர், கையில் காகிதக் கட்டோடு, தலைநகரத்து அலுவலகம் எதற்கோ போகிறார். இவ்வழக்கமும் புராதனமானதே. ஸ்ட்ராபோ பிரயாணம் செய்த கப்பல் கியாரோஸ் என்ற சிறு தீவில் தங்கிப் புறப்பட்டபோது, செம்படவர் ஒருவர் தூதராக ஏறிக்கொண்டார். எங்கே போகிறீர் என்று கேட்டதற்கு, கொரிந்து நகரில் தங்கியிருக்கும் அகஸ்டஸ் ஸீஸரைக் காணப் போவதாகவும், 100 திரக்மா கொடுப்பதே கஷ்டமாயிருக்கும் ஊருக்கு 150 திரக்மா வரி விதித்திருப்பதைக் குறைத்துக்கொள்ளும்படி கேட்கப்போவதாகவும் அவர் பதில் சொன்னாராம். இரண்டாயிரம் ஆண்டாகக் கப்பல் மாறியது, வரி மாறியது, மனு மாறவில்லை. சக்கரவர்த்தி வரியைக் குறைத்தாரா என்பதை ஸ்ட்ராபோ சொல்லாமல் விட்டுவிட்டார். மனுக்களின் சரித்திரத்தில் அந்தப் பகுதி எப்போதுமே அப்படித்தான்.

துறையிலிருந்து மூன்று கிலோமீட்டர் மேலேறினால் செங்குத்தான மலைவிளிம்பில் ஊர் இருக்கிறது. கடற்கொள்ளைக்காரருக்கு அஞ்சி, வீடுகளின் பின்சுவர்களே கோட்டை மதிலாகும்படி கட்டிய பழைய பகுதி ஒன்றும், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சிறு சதுக்கங்களும் உண்டு. குன்றின்மேல் வளைந்து வளைந்து ஏறும் பாதையின் முடிவில் தேவமாதா கோயில். கடல் நீலம். சுவர் வெள்ளை. சூரியாஸ்தமனம் தினந்தோறும் நடைபெறுகிறது. இவற்றைப் பற்றி ஏனையோர் வேண்டிய அளவு எழுதியாயிற்று.

அமைதி என்பது அங்கே மனோபாவம் மாத்திரமன்று, சட்டமும் ஆகும் என்பதையாவது சொல்லவேண்டும். கிரேக்க தேசம் முழுமைக்கும் பொதுவான 1996ஆம் ஆண்டுப் போலீஸ் விதிப்படி, கோடைகாலத்தில் பிற்பகல் 3 மணி முதல் 5.30 வரையிலும், இரவு 11 முதல் காலை 7 வரையிலும் பொது ஓய்வு நேரம். அவ்வேளையில் சுத்தியல் எடுக்கக்கூடாது, பாட்டுப்பெட்டியை அலறவிடக்கூடாது. இவ்விதி சிள்வண்டைக் கட்டுப்படுத்துமா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. சேவலைக் கட்டுப்படுத்தாது என்பதில் இல்லை.

இனி, இச்சாஸ்திரத்தின் ஹிருதயமாகிய மார்ஜார காண்டம்.

பொழுது சாய்ந்ததும் சதுக்கத்து மரத்தடியில் மேஜை போடுகிறார்கள். விருந்தினன் ஒருவன் கோரைப்புல் பின்னிய நாற்காலியில் அமர்ந்து, மாவில் புரட்டிப் பொரித்த சிறு மீன் ஒரு தட்டு கொண்டுவரச் சொல்கிறான். மீன் வருமுன் பூனை வருகிறது. இடச்செவி கிழிந்த செம்மஞ்சள் பூனை. நாற்காலிக் காலுக்கு ஒரு சாண் தள்ளி, வாலை முன்கால்களின்மேல் சுற்றிவைத்துக்கொண்டு உட்காருகிறது. மீனைப் பார்ப்பதில்லை, விருந்தினனையும் பார்ப்பதில்லை; தூரத்து மலைமேல் ஏதோ சொந்த விவகாரம் இருப்பதுபோல அத்திசையையே நோக்குகிறது. எலுமிச்சம்பழம் பிழிந்த கை வாய்க்குப் போகும் தறுவாயில் நின்றுவிடுகிறது. மீன் ஒன்று கீழே விழுகிறது. அது தானாக விழுந்ததா, போடப்பட்டதா, பெறப்பட்டதா?

ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்கள் ஜீவன் ஈசுவரனை அடையும் வகையைப் பற்றி நெடுங்காலம் வாதித்ததும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைத் தென்கலையாரும், தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலையாரும் திருஷ்டாந்தமாகக் கொண்டதும் தமிழர் அறிந்ததே. ஃபோலெகாண்ட்ரோஸில் குரங்கு கிடையாது. ஆகவே வழக்கு எதிர்வாதியின்றித் தென்கலைக்குத் தீர்ந்தது என்று அவசரப்பட வேண்டாம். பூனைகளுக்குள்ளேயே இரண்டு கலையும் இருக்கின்றன. மேலே சொன்னது இருந்து பெறும் கலை. அடுத்த மேஜையில், கருப்பும் வெள்ளையுமான இன்னொன்று, பின்கால்களில் நின்று, விருந்தினரின் முழந்தாளில் நகத்தை இலேசாக ஊன்றுகிறது. இது கீறிப் பெறும் கலை. முன்னதற்குக் கிருபை காரணமில்லாமல் வருகிறது. பின்னதற்குக் காரணம் முழந்தாளில் தெரிகிறது.

இவ்விஷயத்தில் உரைகாரர் பலர். முதல் உரைகாரர், இருந்து பெறும் பூனைக்குத் தலையும், கீறிப் பெறும் பூனைக்கு வாலும் உரியன என்றார். இரண்டாமவர் இதனை மறுத்து, தலை வால் என்னும் பேதமே அவித்தையால் வந்தது, மீன் ஒன்றே என்றார். மூன்றாமவர் இவ்விருவரையும் படியாமலே மறுத்தார். அவருடைய மறுப்பே இன்றளவும் பாடமாக வைக்கப்படுகிறது. நான்காமவருடைய நூல் கிடைக்கவில்லை, பெயரும் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் கொண்ட கருத்துத் தவறு என்று ஐந்தாமவர் இருநூறு பக்கத்தில் நிறுவியிருப்பதால், அவர் இருந்தது ஐயமற விளங்குகிறது. ஆறாமவர், நான்காமவரும் ஐந்தாமவரும் ஒருவரே, தம்மைத் தாமே மறுத்துப் புகழ் தேடியவர் என்று கண்டுபிடித்தார். அக்கண்டுபிடிப்புக்காக அவருக்குப் பொன்னாடை போர்த்திய கூட்டத்தில் தலைமை வகித்தவர் ஐந்தாமவர் என்பது அழைப்பிதழால் தெரிகிறது. ஏழாமவர் மட்டும் தீவுக்குச் சென்று வந்தவர். ஆதலால் அவர் கூற்றுக்கு மதிப்பில்லை.

மறுநாள் மாலை அதே மேஜைக்கு வரும் இடச்செவி கிழிந்த பூனை நேற்று வந்ததுதானா என்பது மேலும் நுட்பமானது. க்ஷணிகவாதிகள் இன்றைய பூனை வேறு, நேற்றைய பூனை வேறு என்பர். அப்படியானால் இதற்கு நேற்றுத் தின்ற கடன் இல்லை, முதலிலிருந்து போடவேண்டும். அதே பூனைதான் என்றாலோ, பழகிய முகமாயிற்றே என்று இன்னும் தாராளமாகப் போடவேண்டும். எந்த மதத்தைக் கொண்டாலும் விருந்தினனுக்கு நஷ்டம் ஒன்றே என்பதைக் கண்டுதான் போலும், பூனை இவ்வாதத்தில் எக்கட்சியும் சேராமல் இருக்கிறது. இடச்செவி கிழிந்தவை இரண்டு என்று ஒருவர் சொன்னதைச் சோலோன் விஷயத்தில் ஏற்கெனவே கையாண்ட முறையால் ஏற்றுக்கொள்ளலாம்.

இவ்வாதங்களுக்கிடையில் சமையற்கட்டிலிருந்து வெளியே வந்த அம்மாள், கையை முன்றானைத் துணியில் துடைத்துக்கொண்டு, இவற்றுக்கெல்லாம் மத்தியானமே வயிறு நிறையப் போட்டாயிற்று, ஒன்றுக்கும் பசி இல்லை என்று சொல்வதுண்டு. சாக்ஷி நேரில் கண்டவர், பாரபக்ஷம் இல்லாதவர், நாற்பது வருஷமாக அதே பூனைக் குலத்துக்குப் படியளப்பவர். ஆனால் அவர் எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவரல்லர். கட்டுரை ஒன்றும் வெளியிட்டதில்லை. எனவே அவர் கூற்றைக் கணக்கில் கொள்ளாமல் விடுகிறோம்.

எஞ்சியது மீட்சிப் படலம். கோடையில் பால்கன் பக்கத்தில் காற்றழுத்தம் மிகுந்தும், துருக்கிப் பக்கத்தில் குறைந்தும் நிற்கும்போது, இடையிலுள்ள ஈஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்டெமி என்னும் காற்றுப் பிய்த்துக்கொண்டு வீசும். அரிஸ்டாட்டில் இதன் காரணத்தை ஆராய்ந்தார். நைல் நதி பெருகுவது இக்காற்றால்தான் என்று சொன்னவர்களை அவருக்கு முன்பே ஹெரோடோட்டஸ் கண்டித்திருக்கிறார். வானத்தில் ஒரு மேகத்துணுக்கும் இராது, வெயில் பளீரென்று அடிக்கும். ஆனால் துறைமுக அதிகாரிகள் கப்பல் புறப்படக்கூடாதென்று தடை போட்டுவிடுவார்கள். அப்போதுதான், தினங்கள் போதவில்லையே என்று முதல்நாள் இரவு வரை ஏங்கியவர்கள், இன்னொரு தினம் இலவசமாகக் கிடைத்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு துறைமுகச் சீட்டுக்கடை வாசலில் சண்டை பிடிக்கத் தொடங்குகிறார்கள்.

இவ்வாறு கூடிய தினம் அல்பகால வாசத்தில் அடங்குமா, அடங்காதா? அடங்கும் எனின் அல்பம் என்பதன் எல்லை காற்றின் கையில் இருக்கிறது. அடங்காது எனின் அத்தினத்துக்கு வாங்கிய அறை வாடகை எக்கணக்கில் சேரும் என்று சொல்லவேண்டும். முடிவு சொல்ல எனக்குத் தெரியாமலில்லை. இவ்வாண்டு பட்டத்துக்குப் பொருள் தேடி அலையும் மாணவர் இருவர் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு கட்சியைப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். இருவருடைய ஏட்டையும் பரிசோதித்துத் தேர்ச்சி கொடுக்கப்போகிறவனும் நானே.